படலையில் கட்டிய வேப்பிலை

விதி தெளிவாகத்தான் இருந்தது. தொற்று சந்தேகிக்கப்படும் நோயாளி இருக்கும் வீட்டுக்கு, அவரைப் பராமரிப்பவர் தவிர வேறு எவரும் போகக் கூடாது. போகாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பொறுப்பு. பன்றிக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபோது எங்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கையில் இப்படியொரு பந்தி இருந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பது மட்டும் அதில் இல்லை. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண் எடுத்தவர் அல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கொரோனாவைக் கண்டவர்கள். அப்போது தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை கயிறு கட்டினார்கள், பொலிஸ் நின்றது, ஊரடங்கு இருந்தது. ஒரு வீட்டை மூடுவது என்றால் அது மூடப்பட்டது. நான் சொல்லும் காலத்தில் என்னிடம் இருந்தவை ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பெட்டி முகக்கவசம், இந்தச் சுற்றறிக்கை. விமான நிலையத்தில் உடற்சூடு பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அமைச்சு கூட்டம் கூட்டியது. சுவரொட்டி அச்சடித்தது. எங்கள் பகுதிக்கு வந்த சுவரொட்டிகளில் பாதி சிங்களத்தில் இருந்தது. கொள்ளைநோய்க்கு ஒரு நாடு எப்படி முகங்கொடுக்கிறது என்று பயிற்சி வகுப்புகளில் அம்புக்குறி போட்டு விளக்குவார்கள். கடைசி அம்புக்குறி எங்கே போய் முடிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீட்டுப் படலையில், வேலிக் கதவில். அங்கே நின்றது நான்.

இனி, அந்தப் படலைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் ஊர் வருத்தம் பார்க்க, நோயாளியை நலம் விசாரிக்க, போகும். அது விருப்பத்தைப் பொறுத்த விசயம் அல்ல. தோடம்பழமோ விசுக்கோத்தோ பால்மாப் பேணியோ ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், கட்டில் விளிம்பில் இருந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காயுது" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். போகாதவரின் வீட்டில் நாளைக்கு ஒன்று நடந்தால் இவர்கள் போகமாட்டார்கள். கலியாண வீட்டுக்குப் போகாததை மன்னிப்பார்கள். வருத்தம் பார்க்க வராததை மன்னித்த ஒருவரை நான் சேவைக்காலம் முழுவதிலும் சந்திக்கவில்லை.

என் பகுதியில் ஒரு ஒழுங்கையில் இருந்த பூமணி அக்காவின் தம்பி கனடாவிலிருந்து வந்தது அந்த வருடம்தான். போர் முடிந்து, பாதை திறந்து, பல காலம் வராதவர்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவரைப் பார்க்க ஊர் போனது. போய் முடிவதற்குள் அவர் காய்ச்சலும் இருமலுமாய்ப் படுத்தார். இப்போது வருத்தம் பார்க்க ஊர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி ஒரு பெண். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவு வரும்வரை பன்றிக் காய்ச்சல்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைச் செய்யுங்கள் என்றார். நான் படலையில் ஒரு காகித மட்டையில் அறிவித்தல் எழுதிக் கட்டினேன். நல்ல தமிழ், பெரிய எழுத்து. அதற்குக் கீழே சைக்கிள்களைச் சாத்திவிட்டு ஆட்கள் உள்ளே போனார்கள்.

பிறகு நானே போய் நின்றேன். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வந்தார். மட்டையைக் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். எந்தப் பிரிவின் கீழ் மறிக்கிறீர் என்று கேட்டார். சுற்றறிக்கையைக் காட்டினேன். அதையும் வாசித்தார். பிரிவு இல்லையே என்றார். கையில் இருந்த பழப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் வந்த மனிசி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமிக்காரன் பாஸ் கேட்ட காலம் முடிஞ்சுதெண்டு சந்தோசப்பட்டனாங்கள். இப்ப நீர் துவங்கியிருக்கிறீர்."

வழியை விட்டு விலகி நின்றேன். நீங்களும் விலகியிருப்பீர்கள். முப்பது வருடமாகத் தடுப்பில் நின்று நின்று களைத்த சனத்திடம், இது நல்ல தடுப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

அன்றே கொழும்பில் உள்ள உரிய பிரிவுக்கு எழுதினேன். எந்தப் பிரிவென்று சொல்லமாட்டேன், ஓய்வூதியம் வாங்குகிறவன். கேள்வி இரண்டுதான். எந்தச் சட்டத்தின் கீழ் நான் ஒருவரைப் படலையில் மறிக்கலாம்? வீட்டு வாசலில் அறிவித்தலோ அடையாளமோ இடுவதற்கு எனக்கு அதிகாரம் உண்டா? தொலைநகலிலும் அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பிரதிகள் எவரெவருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் போயின. அந்த வகையில் என்னிடம் ஒரு குறையும் பிடிக்க முடியாது.

ஒரு நாள் காலையில் போனபோது ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. சைக்கிள் ஒன்றும் இல்லை. பூமணி அக்காவின் படலைத் தூண்கள் இரண்டிலும் பச்சை வேப்பங்கொத்து கட்டியிருந்தது. என்னுடைய மட்டையை ஓரமாக நகர்த்தி, அதன் மேலேயே ஒரு கொத்து.

உங்களில் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். வாசலில் வேப்பிலை என்றால் அந்த வீட்டில் அம்மாள் வருத்தம், அம்மை நோய். கொப்பளிப்பான், சின்னமுத்து, அந்த வகை. அந்தப் படலையை ஒருவரும் தாண்டமாட்டார்கள். பிச்சைக்காரர்கூட அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வருத்தம் மாறித் தலைக்குத் தோய்ந்து முடியும்வரை அந்த வீட்டுச் சனமும் கோயிலுக்குப் போகாது.

பூமணி அக்கா முற்றத்தில் நின்றார். கணவனை இழந்தவர், ஒரு சபையில் அவர் கதைத்தால் மற்றவர்கள் கேட்பார்கள், அப்படிப்பட்ட மனிசி. அம்மாள் இல்லையே அக்கா என்றேன்.

"நீங்கள் எழுதின மட்டையை ஒருத்தரும் வாசிக்கேல்லை, தம்பி. இதை எல்லாரும் வாசிப்பினம்."

வாசித்தார்கள். அதுதான் பிரச்சினை என்று எனக்கு அப்போது படவில்லை. ஒழுங்கையின் அமைதி எனக்கு ஆறுதலாக இருந்தது. எத்தனையோ அறிவித்தல் எழுதியவன் நான். இவ்வளவு விரைவாகப் பலன் தந்த அறிவித்தல் எதையும் கண்டதில்லை.

அடுத்த நாள் அலுவலகத்தில் டொக்டரிடம் இதைக் கொஞ்சம் பகிடியாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தார்.

"அம்மாள் எண்டால் சனம் மருந்து குடுக்குமோ?"

"இல்லை டொக்டர். பனடோல்கூடக் குடுக்காயினம்."

"அந்த வீட்டுக்கு வந்து போன சனத்துக்கு இப்ப காய்ச்சல் வந்தால், அது என்ன காய்ச்சல் எண்டு நினைக்கும்?"

படலையில் நின்ற நாட்களை எண்ணிப் பார்த்தேன். வருத்தம் பார்க்க வந்த ஒவ்வொரு முகமும் வரிசையாக வந்தது. அவர்களில் யாருக்குக் காய்ந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். வேப்பிலையை விரித்து, இருட்டறையில் படுத்து, இளநீர் குடித்துக்கொண்டு, தோலில் கொப்புளம் எழும்பி முத்துப் போடும்வரை காத்திருப்பார்கள். போடாத முத்துக்காக.

அந்த ஒழுங்கையில் கர்ப்பிணிகள் யாரும் இருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். அவர் கேட்டு முடிவதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பூமணி அக்காவின் அடுத்த வீடு தங்கம்மா அக்காவுடையது. தங்கம்மா அக்காவின் மருமகள் யாழினி தலைப்பிள்ளைத்தாய்ச்சி, வயிறு நன்றாக வெளியே தெரியும் மாதம். மகன் கட்டாரில் வேலை. கனடாக்காரர் படுத்த தொடக்கத்தில், மாமியாரும் மருமகளும் பழப்பையோடு உள்ளே போனதை நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் எவ்வளவு ஆபத்தாகத் திரும்பும் என்பதும் அதே சுற்றறிக்கையில்தான் இருந்தது.

டொக்டர் தொலைபேசியை எடுத்தார். நான் புறப்பட்டேன்.

ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் கண்டேன். தங்கம்மா அக்காவின் படலையிலும் வேப்பிலை.

ஒரு காட்சியைக் கண்டு மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாமல் போனது எனக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறது. ஒன்று போரில். மற்றது அந்த வேப்பிலை.

தங்கம்மா அக்கா விறாந்தைப் படியிலேயே என்னை மறித்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிட்டது என்றார். முத்து இன்னும் போடவில்லை, உள்ளுக்கே நிற்கிறது, அதனால்தான் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்றார். இவ்வளவையும் மெல்லிய குரலில், உள்ளே வந்திருக்கும் அம்மாளுக்குக் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னார். அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. எனக்கு யாழினியின் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மாடிப்படி ஏறி வந்தவரின் மூச்சு போல இருந்தது. ஆனால் அவள் படுத்திருந்தாள்.

இது அம்மாள் இல்லை அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும் என்றேன்.

"முத்து உள்ளுக்கை நிக்கேக்கை வெளிக்காத்துப் படக்கூடாது. நீர் படிச்சனீர். ஆனா பிள்ளை என்ரை மகன்ரை. ரெண்டு உயிர். என்னாலை ஏலாது."

அவர் பிடிவாதக்காரி அல்ல. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு இருந்த பயம் என்னுடைய பயத்தை விடப் பெரியது. நான் ஒரு காய்ச்சலுக்குப் பயந்தேன். அவர் அம்மாளுக்குப் பயந்தார். தான் ஒரு பிழை விட்டால் அம்மாள் பிள்ளையை எடுத்துவிடுவாள் என்று நம்பினார். அப்படி நம்புகிற ஒருவரை, சட்டத்தைச் சொல்லி விலத்த முடியாது. சட்டம் கைவசம் இருந்தால்கூட.

பொலிசைக் கூப்பிடலாம். கூப்பிட்டால், இந்தக் காலத்தில் ஒரு கர்ப்பிணியைச் சீருடைக்காரர் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஊர் கதைக்கும். அதன் பிறகு எந்த வீட்டுக் காய்ச்சலும் எங்களுக்குத் தெரியவராது. தெரியாத காய்ச்சல் இன்னும் எத்தனை இருட்டறையில் படுத்திருக்கிறதோ என்ற நினைப்பு வேறு.

பிரதேச செயலாளருக்கு அறிவிக்கலாம். அது முறையானது. அறிவித்து முடிய யாழினிக்கு மூச்சு இருக்காது.

கைத்தொலைபேசியில் டொக்டருக்குச் சொல்லிவிட்டு, நான் வேலியைச் சுற்றிப் பூமணி அக்காவிடம் போனேன். விசயத்தைச் சொன்னேன். கிணற்றடியில் நின்றவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, தான் போய்ச் சொன்னால் இந்த ஊரில் தான் எப்படி முகம் காட்டுவது என்று கேட்டார். அம்மாளின் பெயரால் பொய் சொன்னவள் என்பார்கள். கோயில் வாசலில் யார் தன்னோடு நிற்பார்கள்?

நான் வேலிப் பக்கம் காது கொடுத்தேன். மூச்சுச் சத்தம் வேலிக்கு இங்காலும் கேட்கிறது போல எனக்கு இருந்தது. உண்மையில் கேட்டிருக்காது.

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே தன் படலைக்குப் போனார். இரண்டு தூணிலும் இருந்த வேப்பங்கொத்தைப் பிடுங்கினார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்து தங்கம்மா அக்காவின் முற்றத்துக்குள் போனார். எதிர்வீட்டு மதிலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன.

"தங்கம்மா, இது பொய்க்குக் கட்டினது. என்ரை வீட்டிலை அம்மாள் வரேல்லை. சனம் வராமல் இருக்கக் கட்டினனான். தம்பிக்குக் காய்ச்சல்தான். உன்ரை பிள்ளைக்கும் அதுதான். விடு, கொண்டு போகட்டும்."

தங்கம்மா அக்கா படியிலிருந்து இறங்கி வந்தார்.

"அம்மாளோடை விளையாடினியோடி?"

"ஓம். அதுக்கு நான் அவளுக்குப் பதில் சொல்லுறன். நீ பிள்ளையைத் தூக்கு."

வாசலில் ஓட்டோ ஏற்கெனவே நின்றது. டொக்டர் அனுப்பியிருந்தார். அம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்ததாம். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து யாழினியை ஏற்றினார்கள். அவளுடைய உதடுகளின் நிறத்தைக் கண்டேன். அதை எழுதமாட்டேன். தங்கம்மா அக்கா உள்ளே ஏறினார். பூமணி அக்கா ஏற ஒரு காலை வைத்தவர், தங்கம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். நான் காங்கேசன்துறை வீதி நெடுக ஓட்டோவுக்குப் பின்னால் போனேன். பின்பக்கச் சின்னக் கண்ணாடியால் அவளுடைய தலை தெரிந்தது. அது ஒவ்வொரு குழிக்கும் ஆடியது. குழி இல்லாத இடத்திலும் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆடினால் உயிர் இருக்கிறது.

பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்துக் குளிசையைத் தொடங்கும்படி டொக்டர் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். முடிவு வேறாக வந்தால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். எழுதத் தயாராக இருந்தார். நான் கண்ட நிருவாகத் துணிவு எல்லாவற்றிலும் பெரியது அதுதான். பார்ப்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு மாதிரித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழும்பிலிருந்து வந்த முடிவும் பன்றிக் காய்ச்சல் என்றே சொன்னது. யாழினிக்கு இயந்திரம் மூச்சு விட்டது. பிள்ளையை நாளுக்கு முன்னமே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண்பிள்ளை. ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நானும் டொக்டரும் அந்தப் பகுதியில் படலை படலையாகப் போய், வேப்பிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே யாருக்குக் காய்கிறது என்று கேட்டோம். இன்னும் சிலரைக் கண்டுபிடித்தோம். பூமணி அக்கா செய்ததை ஊர் அதற்குள் அறிந்திருந்தது. அவரைத் திட்டிக்கொண்டே கதவைத் திறந்தார்கள். திறந்ததே போதும் எனக்கு.

ஒரு பின்னேரம் பூமணி அக்கா வேலியருகில் என்னைக் கூப்பிட்டார். முகம் வாடிக் கிடந்தது. தனக்கும் இரவிலிருந்து காய்கிறது, ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இது ரெண்டிலை எது? காய்ச்சலோ, அம்மாளோ?"

கண்ணைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன், இருமச் சொல்லிக் கேட்டேன். பன்றிக் காய்ச்சல் மாதிரித்தான் கிடக்கு அக்கா என்றேன்.

"அப்பாடா" என்றார். அப்படியே முற்றத்து மணலில் குந்திவிட்டார். இந்த நோய் என்று சொல்லி நான் ஒருவருக்கு நிம்மதி கொடுத்த ஒரே சந்தர்ப்பம் அது. அவருடைய தம்பி அதற்குள் எழும்பி, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். பிறகு கனடாவுக்கும் போய்விட்டார்.

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். பயிற்சி முடித்து வருகிறவர்கள் பாடம் கேட்காமல் விடமாட்டார்கள். சனத்தை மறிக்க ஒரு நல்ல வழி அகப்பட்டால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அதைக் கண்டதும் அவர்கள் வேறு என்னென்ன செய்வார்கள், எதையெதைச் செய்யாமல் விடுவார்கள் என்று அன்றைக்கே நாலு வீட்டில் கேளுங்கள். நான் ஒரு நாள் பிந்திக் கேட்டேன். அதுவும் நானாகக் கேட்கவில்லை. இப்போதும் எந்தப் படலையிலாவது வேப்பிலையைக் கண்டால் சைக்கிளை நிற்பாட்டுகிறேன். ஓய்வுபெற்றவன் ஒழுங்கையில் நின்று காது கொடுப்பதைப் பார்த்து, மூளை தட்டிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளே யாராவது சாதாரணமாக மூச்சு விடுவது கேட்டால் போய்விடுவேன்.

யாழினி வீட்டுக்கு வந்தாள். கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் நடுவில் ஒருமுறை நின்று மூச்செடுப்பாள். அது நெடுங்காலம் மாறவில்லை. தங்கம்மா அக்காவும் பூமணி அக்காவும் கதைக்கவில்லை. வேலியில் ஆள் புகுந்து வரும் பொட்டு ஒன்று இருந்தது; அதைத் தங்கம்மா அக்கா பனைமட்டை வைத்து அடைத்திருந்தார். பிள்ளைக்கு முதற்பல் முளைத்து, தலையில் கொழுக்கட்டை கொட்டும் சடங்குக்கு நாள் வைத்தபோது எனக்கும் டொக்டருக்கும் சொல்லி அனுப்பினார்கள். புறப்படுகிற நேரத்தில் அலுவலகத்துக்குத் தபால் வந்தது. உறையைப் பார்த்ததுமே கொழும்புப் பதில் என்று தெரிந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

பிள்ளையைச் சபையில் இருத்தி, யார் கொட்டுவது என்ற கேள்வி வந்தபோது யாழினி எழும்பினாள். அடுத்த வீட்டுக்குத் தானே போய், நடுவில் ஒருமுறை நின்று, பூமணி அக்காவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கம்மா அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாயில் கொஞ்சம் விலத்தி இடம் விட்டார். பூமணி அக்கா கொழுக்கட்டை இருந்த சுளகை வாங்கினார். பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்துச் சரித்தார். கொழுக்கட்டை தலையில் விழுந்ததும் பிள்ளை அழுதது. நல்ல பலமான அழுகை, நெஞ்சு நிறைய மூச்செடுத்து அழுத அழுகை. டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். என் கடிதம் கிடைத்ததாம். மறிக்கும் அதிகாரம் பற்றிய கேள்வி வேறொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். அடையாளத்தைப் பொறுத்தவரை, பொதுமக்கள் இலகுவில் விளங்கிக்கொள்ளக்கூடிய பொருத்தமான அடையாளம் ஒன்றை, திணைக்களத்துக்குச் செலவில்லாமல், வீட்டு வாசலில் இடுவதற்கு ஆட்சேபனை இல்லையாம்.

தங்கம்மா அக்கா, முகத்தை யார் பக்கமும் திருப்பாமல் சொன்னார்.

"கேட்டியோ பூமணி. உனக்கு அனுமதி வந்திட்டுதாம்."

கடிதம் கிடைத்த திகதியை அதன் மேல் மூலையில் குறிக்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. குறித்தேன்: யாழினியின் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய நாள்.